மணமகளை வழியனுப்பும் வேளை

நம் குடும்பங்களில் திருமணம் ஒன்று நிச்சயமானவுடன் எழுகின்ற கேள்விகள் யாவரும் அறிந்தவையே. மண்டபம் எது? பிரியாணி போடுவதற்கு எந்த மாஸ்டர்? மணப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் செல்வதா, ஆரணியே போதுமா? கோவிலில் மூன்று ஓலை வாசித்து முடிவதற்குள் இவை அனைத்திற்கும் முன்பணம் கொடுத்தாகிவிடுகின்றது. திருப்பலிக்குப் பாடகர் குழு, வாசகம் வாசிப்போர், காணிக்கைப் பவனியில் வருவோர் என்று மற்றொரு பட்டியலும் ஆயத்தமாகின்றது. ஆனால், வரவேற்பு முடிந்து மணமக்கள் விடைபெற்றுச் செல்கின்ற அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி எவரும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. 'வண்டி வந்தால் ஏறிப் போக வேண்டியதுதானே, அதற்கு என்ன ஏற்பாடு?' என்று கேட்பவர்களே பலர்.

அதன் விளைவை நாம் ஒரு முறை அல்ல, பல முறை கண்டிருக்கிறோம். இரவு பதினொரு மணி. தந்தையோ மண்டபத்து மேலாளரோடு மின்சாரக் கணக்கைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார். தாய் சாமான் அறையில், மீந்துபோன இனிப்புகளையும் வாடகைப் பாத்திரங்களையும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். தம்பி நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உறங்கிவிட்டான். வாசலில் புகைப்படக்காரர், வண்டியில் ஏறிவிட்ட மணமக்களை இறங்கச் சொல்லி மீண்டும் ஏறச் சொல்கிறார். முதல் முறை வெளிச்சம் போதவில்லையாம். யாரோ ஒருவர், "நேரமாயிற்று, நேரமாயிற்று" என்கிறார். தாய் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் வண்டி நெடுஞ்சாலையில் திரும்பிவிடுகின்றது. இருபத்து நான்கு ஆண்டுகள் வளர்த்த மகளை வழியனுப்ப அத்தாய்க்குக் கிடைத்தது வண்டியின் பின்விளக்குகள் மட்டுமே.

சத்துவாச்சாரியில் திருமணம் நடத்துவோர் இதனைச் சற்றுக் கூடுதலாகவே எண்ண வேண்டியிருக்கின்றது. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டே செல்கின்றது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இங்கே அந்தச் சாலையை ஒட்டியே அமைந்திருக்கின்றது. மண்டபத்தை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களிலேயே மணமக்களின் வண்டி பெருஞ்சாலையில் லாரிகளோடு லாரியாகச் சேர்ந்துவிடும். ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற பெண்ணுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம். சென்னைக்கு என்றால் அதனினும் இரண்டு மடங்குக்கு மேல். பாலாற்றைக் கடந்து காட்பாடிச் சந்திப்பில் ரயில் ஏறுவோருக்கோ, நம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுகிற வண்டி எதுவும் இல்லை. ஆகவே, இங்கே வழியனுப்பும் நேரத்தை முன்னரே குறித்துக்கொள்வது அழகிற்காக மட்டும் அன்று, உயிர்ப் பாதுகாப்பிற்காகவும்தான்.

மகளை வழியனுப்புவது எப்படி என்பதற்கு விவிலியத்திலேயே ஒரு குடும்பத்தின் கதை இருக்கின்றது. தோபித்து நூலைப் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். எக்பத்தானா நகரில் இரகுவேல் தம் ஒரே மகள் சாராவை இளைஞன் தோபியாவுக்கு மணமுடித்துக் கொடுத்து, பதினான்கு நாள் விருந்து வைக்கிறார். நாள்கள் முடிந்ததும், இன்னும் சில நாள் தங்கிச் செல்லுமாறு மாமனார் வேண்டுகிறார். மருமகனோ இசையவில்லை, நினிவேயில் தன் தந்தை நாள்களை எண்ணிக்கொண்டிருப்பார் என்பது அவனுக்குத் தெரியும். உண்மையில் அங்கே அவன் தாய் அன்னா உணவும் கொள்ளாமல், நாள்தோறும் வெளியே சென்று மகன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு இரகுவேல் தடை சொல்லவில்லை. தம் உடைமையில் பாதியைக் கொடுக்கிறார். இருவரையும் வாழ்த்துகிறார். மகளிடம், இனி மாமனாரும் மாமியாரும் உனக்குப் பெற்றோரைப் போன்றவர்கள் என்று கூறி முத்தமிடுகிறார். தாய் எதினாவோ மருமகனை அழைத்து, தன் மகளைக் கடவுளின் முன்னிலையில் அவனிடம் ஒப்படைப்பதாகவும், வாழ்நாளெல்லாம் அவள் மனம் வருந்தும்படி எதுவும் செய்யலாகாது என்றும் சொல்லுகிறாள்.

இங்கே மூன்று செய்திகளை நாம் கவனிக்கிறோம். தாய் பேசுகிறாள்; தந்தை பேசுகிறார்; அவர்களைப் பேசவிடாமல் அவசரப்படுத்துகிறவர் எவரும் அங்கே இல்லை. அடுத்து, பெண்ணுக்கு மட்டுமே அறிவுரை கூறி அனுப்பிவிடும் நம் வழக்கத்திற்கு மாறாக, மருமகனுக்கும் அங்கே ஒரு கடமை சொல்லப்படுகின்றது. அதுவும் மாமியாரின் வாயால்! மூன்றாவதாக, மறுமுனையில் காத்திருக்கும் ஒரு தாயும் நினைக்கப்படுகிறாள். மணமகன் வீட்டாரும் அன்று உறங்காமல் விழித்திருப்பவர்கள்தாம். ஆரத்தித் தட்டோடும், பாலோடும் பழத்தோடும் நள்ளிரவு வரை வாசலில் நிற்கின்ற முதியவர்களை எண்ணியாவது புறப்பாட்டை நேரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டாமா?

இரகுவேல் பாதி உடைமையைக் கொடுத்ததைச் சுட்டிக்காட்டி வரதட்சணைக்கு நியாயம் தேடுகிற அன்பர்களும் உண்டு. சாரா அவருக்கு ஒரே பிள்ளை, அவள் வாரிசு. தோபியா எதையும் கேட்கவில்லை. வண்டிக்காரனை நிறுத்திவைத்து, "பேசிய சவரனில் மூன்று குறைகிறதே" என்று சொல்லவும் இல்லை. புறப்படும் வேளையில்தான் இத்தகைய பேச்சுகள் நம்மிடையே தலைகாட்டுகின்றன என்பதை வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெண் வண்டியில் ஏறிவிட்டாள், இனி அவள் வீட்டார் மறுத்துப் பேச மாட்டார்கள் என்ற கணக்கு அது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருக்கின்றது. 1986இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனையும் அதற்கு உண்டு. கேளாமல் மனமுவந்து தருகின்ற பரிசுகளுக்குச் சட்டம் தடை விதிக்கவில்லை. ஆனால், அவற்றைப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஒவ்வொரு பொருளின் விவரம், ஏறத்தாழ அதன் மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினராயின் உறவுமுறை ஆகியவற்றை எழுதி, மணமகனும் மணமகளும் கையொப்பமிட வேண்டும். மணமகளுக்கு வந்த பரிசுகளின் பட்டியல் அவளிடமும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியல் அவனிடமும் இருக்க வேண்டும். மொய் எழுத இரண்டு பேரை உட்காரவைக்கிற நம் குடும்பங்களுக்கு இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மணி நேரமும் கிடைக்காதா? வரவேற்பிற்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அமைதியாக அமர்ந்து எழுதலாம். வாசலில் பெட்டிகளைத் திறந்து எண்ணிக்காட்டுகின்ற அருவருப்பான வழக்கம் அதனாலேயே ஒழிந்துவிடும்.

இனி, நம் உள்ளத்தை நீண்ட காலமாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளின் ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெண்களே மிகுதி. விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி வண்டி ஏறி, நாள் முழுவதும் மேல்தோல் தைத்து, மாலையில் இறங்கி வீடு வந்து சேர்கிற தாய்மார்கள் அவர்கள். கணவனை இழந்த பிறகு அந்தக் கூலியிலேயே பிள்ளைகளைப் படிக்கவைத்து, சீட்டுக் கட்டி, மகளுக்குத் திருமணமும் முடிக்கிறவர்கள் அவர்களுள் பலர். கோவிலில் திருமணத் திருப்பலியின்போது அத்தகைய தாய் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். பீடத்தின் முன்னே அவளை எவரும் தடுக்கவில்லை. ஆனால், மாலையில் மகள் வண்டியேறும்போது, சுமங்கலிகள் முன்னே வரட்டும் என்று ஒரு குரல் எழுகின்றது. எவரும் அவளைப் பின்னே போ என்று சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாமலே அவள் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். ஆரத்தி எடுப்பவர் ஒருவர், திலகம் இடுபவர் ஒருவர், பெட்டியைத் தொட்டுக் கொடுப்பவர் ஒருவர். அந்தப் பெட்டிக்குள் இருக்கின்ற ஒவ்வொரு துணியையும் வாங்கியவள் தூணுக்குப் பின்னே நிற்கிறாள்.

மங்கலப் பெண்டிரைக் கொண்டு மணமகளை வாழ்த்தச் செய்வது தமிழரின் பழைமையான வழக்கம் என்பதை நாம் மறுக்கவில்லை. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகிறார். பந்தலிட்டு மணல் பரப்பி, விளக்கேற்றி, புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர், பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அழகான காட்சிதான். எனினும், பெற்ற தாயை ஒதுக்கிவைக்கும் உரிமையை எந்தப் பழைமையும் நமக்குத் தந்துவிடவில்லை. ரூத்து நூலில் கணவனையும் இரு புதல்வரையும் இழந்த நகோமியை எவரும் அமங்கலம் என்று ஒதுக்கவில்லை. ரூத்துக்கும் போவாசுக்கும் மகன் பிறந்தபோது ஊர்ப் பெண்கள் நகோமியைச் சூழ்ந்துகொண்டு அவளுக்கே வாழ்த்துக் கூறினார்கள். குழந்தையை மடியில் வைத்து வளர்த்தவளும் அவளே.

ஆகவே, பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் இதனை முன்னரே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மகளின் நெற்றியில் முதல் சிலுவை அடையாளம் இடுகிறவள் தாயே என்று தீர்மானித்துவிட்டால், அன்று மாலை எவரும் புதிதாகக் குரல் எழுப்ப இடமில்லை. மாப்பிள்ளையின் தாயே சென்று சம்பந்தியம்மாளின் கையைப் பிடித்து அழைத்து வருவாராயின், அதைவிடச் சிறப்பு வேறில்லை. பேசத் தயக்கமாக இருக்கின்றதா? பங்குத் தந்தையிடமோ உபதேசியாரிடமோ சொன்னால் அவர்கள் ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். தாயும் தந்தையும் இல்லாத பெண்ணாயின், வளர்த்த பாட்டியோ அத்தையோ அக்காளோ அந்த இடத்தில் நிற்கட்டும்.

நேரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் திருமணங்களைத் தவிர்ப்பதால், பாஸ்காவிற்குப் பின் சித்திரை, வைகாசி வெயிலில்தான் நம் திருமணங்கள் நெருக்கமாக வருகின்றன. வேலூர் வெயிலைப் பற்றி வேலூராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் மாலைத் திருமணங்களும் மாலை வரவேற்புகளும் பெருகிவிட்டன. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் திருமணத்திற்குக் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை என்று எல்லை வகுத்திருக்கின்றது; கத்தோலிக்கக் குருக்கள் ஆயரின் உத்தரவு பெற்று அதற்குப் புறம்பாகவும் நடத்தலாம் என்பது விதிவிலக்கு. வழியனுப்புதலுக்கு அத்தகைய சட்டம் இல்லை என்றாலும் மறைமுகமாக ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கியும் பேண்டு வாத்தியமும் கூடா. எனவே இரவு ஒன்பதரை மணி என்று புறப்பாட்டைக் குறித்துக்கொண்டால், பேண்டு முழங்க அனுப்பவும் செய்யலாம், அண்டை வீட்டுக் குழந்தைகளும் உறங்கலாம். விருந்தினருள் பலர் திங்கட்கிழமை காலை கம்பெனி வண்டி பிடிக்க வேண்டியவர்கள். அவர்களும் நம்மை வாழ்த்துவார்கள். ராகு காலம் பார்த்துப் பெண்ணை வாசலில் நிறுத்திவைக்கிற குடும்பங்கள் நம்மிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை ஆறு மணியோடு முடிந்துவிடுகின்றது என்பதை அவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லி வைக்கிறோம்.

மேலைநாட்டுத் திரைப்படங்களைப் பார்த்து, வழியனுப்புதலில் புதுமை செய்ய இளைஞர்கள் விரும்புகின்றனர். விரும்பட்டும். ஆனால் ஒவ்வொரு நாட்டின் வழக்கமும் அந்நாட்டு மண்ணுக்குரியது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மணமக்களின் வண்டியை நோக்கிப் பழைய காலணிகளை வீசி எறிந்து வாழ்த்தினார்கள்! அது நற்பேறு தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஐரோப்பாவுக்குக் காலணி தைத்து அனுப்புகிற நம் ஊரில் எவரேனும் மணமகள் மீது ஒரு செருப்பை எறிந்து பார்க்கட்டும். அன்றே காவல் நிலையத்தில் விருந்து நடக்கும். மணமக்கள் மீது அரிசி தூவுவதும் அவர்களுக்கு உண்டு. மஞ்சள் கலந்த அட்சதையை அறிந்த நமக்கு அது புதிதன்று. உதிர்ந்த பூவிதழ்களே இன்னும் நல்லவை. கைகளில் மத்தாப்புக் கம்பிகளை ஏந்தி இரு வரிசையாக நிற்பது இப்போது பரவிவருகின்றது. அந்தச் சிறு கம்பி 1000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் எரிகின்றது. பக்கத்தில் செயற்கை இழைப் புடவைகள், தோளில் குழந்தைகள். நுரையைப் பீய்ச்சுகிற டப்பாக்களில் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் வாயு அடைக்கப்பட்டிருப்பதால், அவையும் மத்தாப்பும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. விளக்கு வரிசைதான் வேண்டுமென்றால் பேட்டரியில் எரியும் சிறு மெழுகுவர்த்திகள் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன.

வண்டியோட்டியைப் பற்றியும் ஒரு சொல். அவருக்கு நேரத்தோடு சாப்பாடு போட்டு, ஒரு மணி நேரமாவது ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். மண்டபத்தின் பின்புறம், வண்டிகள் நிறுத்துமிடத்தில் நண்பர்கள் கூடி நடத்துகின்ற 'தனி விருந்து' எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். கேட்டால் கானாவூர்த் திருமணத்தைச் சான்று காட்டுவார்கள். கானாவூரில் விருந்துண்டவர் எவரும் அன்றிரவு தேசிய நெடுஞ்சாலையில் கார் ஓட்டவில்லை என்பதே நம் விடை.

அந்தக் கால் மணி நேரத்தை எப்படி அமைக்கலாம்? முதலில் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். பெண்ணின் தந்தை அந்தப் பொறுப்பை ஏற்கலாகாது. அவருக்கு அன்று வேறு வேலை இருக்கின்றது, அழுவது. தாய்மாமன் பொருத்தமானவர். மண்டபக் கணக்கு, பாத்திரக் கணக்கு, மீந்த உணவு எல்லாவற்றையும் வேறு இருவரிடம் எட்டு மணிக்கே ஒப்படைத்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேடையில் வாழ்த்துவோர் வரிசையை நிறுத்தி, மணமக்களைச் சாப்பிட அழைத்துச் செல்ல வேண்டும். நானூறு பேருக்குச் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் பரிமாறிவிட்டு, மணமக்களைப் பட்டினியாக அனுப்புகிற குடும்பங்கள் எத்தனை! பெற்றோரும் அதே பந்தியில் அவர்களோடு அமரட்டும். மகள் அந்த வீட்டுப் பெண்ணாக உண்ணும் கடைசி உணவு அது.

பிறகு ஒரு சிறிய அறையில், அல்லது திரை மறைவில், பெற்றோரும் உடன்பிறந்தாரும் மணமக்களும் மட்டும் ஐந்து நிமிடம். நிழற்படக் கருவி அங்கே வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிடுங்கள். மணமக்கள் முழந்தாளிட, தாயும் தந்தையும் சிலுவை அடையாளம் இட்டு, சொல்ல விரும்புவதைச் சொல்லட்டும். சொல் வராவிட்டாலும் குற்றமில்லை. எதினாவைப் போல் மருமகனிடமும் ஒரு வார்த்தை சொல்ல மறவாதீர்கள். தம்பி தங்கையருக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள். அக்காள் போவதை அவர்களுக்கு எவரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பின் வெளியே வரலாம். மேடையிலிருந்து வாசல் வரை உறவினரும் பங்கு மக்களும் இரு வரிசையாக நிற்க, குழந்தைகள் கையில் பூத்தட்டு, நடக்க இயலாத பாட்டிக்கு வாசலருகே ஒரு நாற்காலி. பாடகர் குழுவினர் இருந்தால் மாதா பாடல் ஒன்றைப் பாடட்டும். பெண்ணோடு துணையாகச் செல்கிறவர் யார் என்பதையும் முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள். ரெபேக்கா தன் வீட்டை விட்டுப் போனபோது அவளை வளர்த்த செவிலியும் உடன் போனாள். வண்டியில் குடிநீரும், மறுநாள் உடுத்தும் துணியும், அன்றாடம் உட்கொள்ளும் மருந்து ஏதேனும் இருந்தால் அதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெரிய பெட்டியின் அடியில் அல்ல. வண்டி போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்று ஒருவரைக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று எண்ணி ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

வண்டி சென்ற பிறகு மண்டபம் ஒரு நொடியில் வெறுமையாகிவிடுகின்றது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்குவார்கள். அப்போது பெண்ணின் தாயைக் கணக்குப் பார்க்கவோ, பாத்திரம் எண்ணவோ அழைக்காதீர்கள். அவளுடைய சகோதரிகளோ அண்டை வீட்டாரோ இருவர் அவளை வீட்டிற்கு அழைத்துச் சென்று, காபி போட்டுக் கொடுத்து, போய்ச் சேர்ந்தார்கள் என்ற செய்தி வரும் வரை உடனிருக்கட்டும். அன்றிரவு அவர்கள் அங்கேயே படுத்துக்கொள்ளுவது நல்லது.